அணியத்துக்கு முன்னால்

ஊர்காவற்றுறை,
09.06.2024

அன்புள்ள யூலியானா அக்காவுக்கு,

உடம்புக்கு ஒன்றுமில்லை. சுகமாயிருக்கிறேன் என்று எழுதினால் நீங்கள் நம்பமாட்டீர்கள், அதனால் அதை எழுதவில்லை. அங்கே நீங்களும் பிள்ளைகளும் நேரத்துக்குச் சாப்பிடுகிறீர்கள் என்று நினைத்துக்கொள்கிறேன்.

இதைப் போனிலேயே சொல்லியிருக்கலாம். ஆனால் நீங்கள் எப்போதும் போனைச் சத்தமாகப் போட்டுக் கதைக்கிறவர். பக்கத்தில் பிள்ளைகள் நிற்பார்கள். இது அவர்கள் காதில் விழக்கூடாத சங்கதி. கோயிலடி றெக்ஷன் பிரான்சுக்குத் திரும்புகிறான், அவன் கையில் கொடுத்து விடுகிறேன்.

அக்கா, வசீகரனின் படகில் எனக்கு வேலை கிடைத்திருக்கிறது. ஓம், அதே வெள்ளைப் படகுதான். அத்தானை அடித்துவிட்டுப் போன படகு.

நான் தேடிப் போகவில்லை. அவன் லண்டனிலிருந்து வந்து ஆறு மாதம் இங்கே இருப்பவன், ஆறு மாதம் அங்கே. புங்குடுதீவில் தகப்பன் விட்ட பெரிய வீட்டைத் திருத்திச் சுற்றுலாக்காரரை வைத்திருக்கிறான். அவர்களை நெடுந்தீவுக்கும் நயினாதீவுக்கும் ஏற்றி இறக்கத்தான் இந்தப் படகு. ஓடும்போது படகு மூக்கைத் தூக்குகிறது, எண்ணெய் குடிக்கிறது, பின்னால் இருக்கிற ஆட்கள் நனைகிறார்கள் என்று ஆள் தேடியிருக்கிறான். அவனிடம் வேலை செய்கிற சசிகரன்தான் என் பெயரைச் சொன்னது. துபாயில் இப்படிப் படகுகள் கட்டுகிற இடத்தில் வேலை செய்து வந்தவர் என்று.

நான் அத்தானின் மச்சான் என்று வசீகரனுக்குத் தெரியாது. செத்தவீட்டுக்கு நான் வர ஏலாமல் போனது இப்படி உதவும் என்று ஆர் கண்டது! ஆனால் அவனைத் தவிர மற்ற எல்லோருக்கும் தெரியும். இறங்குதுறையில் ரிக்கற் கிழிக்கிறவருக்குத் தெரியும், தேத்தண்ணிக் கடைக்காரருக்குத் தெரியும். நான் அந்தப் படகில் ஏறி இறங்குவதைப் பார்த்துக்கொண்டு நிற்கிறார்கள். ஒருவரும் அவனிடம் வாய் திறக்கவில்லை. மீன் விற்கிற துஷாந்தி மட்டும் என்னைக் கடந்து போகும்போது, "பாத்துச் செய் தம்பி" என்றா. என்னத்தைப் பார்த்துச் செய்வது என்று நான் கேட்கவில்லை.

படகின் சங்கதியைச் சொல்கிறேன், உங்களுக்கு விளங்கவேண்டும். எந்தப் படகும் ஓட்டம் எடுக்கும்போது அணியத்தை, அதுதான் மூக்குப் பக்கத்தை, கொஞ்சம் தூக்கும். வேகம் பிடித்ததும் பின்பக்கம் எழும்பி, மட்டமாகித் தண்ணீருக்கு மேலே ஓடவேண்டும். இது மட்டமாவதேயில்லை. பின்பக்கம் அமிழ்ந்து இழுபட, மூக்கை வானத்துக்குக் காட்டிக்கொண்டே போகிறது. வாங்கியபோது அப்படியில்லையாம். பிறகு குளிரூட்டிக்கென்று பெரிய ஜெனரேற்றர், அதற்குப் பற்றறிகள், மேலதிகமாய் ஒரு தண்ணீர்த்தாங்கி, ஆட்கள் கடலில் இறங்கிக் குளிக்க இரும்புத் தட்டு, அதற்குமேல் ஒரு றபர் படகு. எல்லாவற்றையும் பின்னுக்கே கொண்டுபோய் ஏற்றியிருக்கிறான். பின்னடியில் இரண்டு தகடுகள் உண்டு. தாழ்த்திவிட்டால் ஓடுகிற தண்ணீர் அவற்றில் பட்டுப் பின்பக்கத்தை உயர்த்தும். அதில் ஒன்று சிப்பி பிடித்து இறுகிக் கிடக்கிறது.

இதெல்லாம் கவனமில்லாத பணக்காரன் செய்கிற வேலை என்று விட்டுவிடலாம். ஆனால் ஓட்டுகிறவர் இருக்கிற கதிரையைக் கழற்றினேன். அதன் அடியில் மொத்தமான பலகைக்கட்டை ஒன்று வைத்து ஆணி இறுக்கியிருந்தது. இது என்னத்துக்கு என்று சசிகரனைக் கேட்டேன். அவன் கடலைப் பார்த்துக்கொண்டு சொன்னான்: "முன்னால ஒண்டும் தெரியேல்லை எண்டு முதலாளி வைப்பிச்சவர். தைப்பொங்கல் நேரம்."

அத்தான் செத்தது அதற்குப் பிறகு, பங்குனியில்.

விளங்குகிறதா அக்கா? அவனுக்குத் தெரியும். முன்னால் தெரியாது என்று தெரிந்துகொண்டே ஓடியிருக்கிறான். விசாரணையில் என்ன சொன்னான்? அத்தானின் வள்ளத்தைத் தூரத்திலேயே கண்டதாம், ஹோர்ன் அடித்ததாம், அத்தான் வெறியில் குறுக்கே எடுத்தாராம். மடு மாதாவுக்கு நேர்ந்து குடியை விட்ட மனுசனை! எஞ்சினை நிறுத்திவிட்டு நண்டு வலை இழுத்துக்கொண்டிருந்த மனுசன் எங்கே குறுக்கே எடுப்பது?

இனி நான் சொல்வதை ஒருவருக்கும் சொல்லவேண்டாம். என்னிடம் ஒரு வழி இருக்கிறது. பின்னால் கிடக்கிற பாரம் முழுவதையும் அணியத்துக்குள் கொண்டுபோய்விட்டு, தகடுகளையும் அளவுக்கு மிஞ்சித் தாழ்த்திவிட்டால், அமைதியான கடலில் படகு சொகுசாக ஓடும். அவன் என்னைக் கட்டிப்பிடித்துப் பாராட்டுவான். ஆனால் இப்போது சோளகக் காற்று. நெடுந்தீவிலிருந்து திரும்பும்போது அலை முதுகில் தள்ளும். மூக்குப் பாரமான படகு முன்னலைக்குள் குத்தும், பின்பக்கம் வீசித் திரும்பும், சரியும். சோளகத்தில் போனவன் என்றுதான் ஊர் சொல்லும்.

சசிகரனிடம் மட்டும் அன்றைக்கு ஏறாதே என்று சொல்லிவிடலாம்.

நான் சரியாகத்தான் யோசிக்கிறேனா என்று உங்களைத் தவிர ஆரிடம் கேட்பேன்? பதில் எழுதுங்கள். மாதா உங்களைக் காக்கட்டும்.

உங்கள் தம்பி,
றொமேஷ்


ஊர்காவற்றுறை,
07.07.2024

அன்புள்ள அக்காவுக்கு,

உங்கள் பதில் கிடைத்தது. 'அத்தானுக்கு அவன் செய்ததை நீ அவனுக்குச் செய்.' வேறு ஒரு சொல்லும் இல்லை, என் சுகம்கூட விசாரிக்கவில்லை. நல்லது. எனக்கும் அப்போது அதுதான் வேண்டியிருந்தது. அதை மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு பற்றறிகளைக் கழற்றத் தொடங்கினேன்.

அதற்குள் ஒன்று நடந்தது. வசீகரனின் மகள் கம்சிகா விடுமுறைக்கு வந்தாள். இருபத்துமூன்று, இருபத்துநான்கு வயது இருக்கும். பெரிய வீட்டுப் பிள்ளை, ஒரு தேத்தண்ணியும் கொண்டுவந்து வைத்துவிட்டுப் போய்விடுவாள் என்றுதான் நினைத்தேன். அவள் ஒவ்வொரு நாளும் வந்து இருந்து பார்த்தாள். றபர் படகை நல்லாக ஓட்டுவாள். அனலைதீவுப் பக்கம் போய்த் திரும்புவாள். வெறுக்கவேண்டிய வீட்டில் வெறுக்க முடியாத ஒரு ஆள் இருப்பது எவ்வளவு தொல்லை என்று எனக்கு அப்போதுதான் தெரிந்தது.

ஒருநாள் கேட்டாள்: "அண்ணா, அப்பாவைக் கண்டா ஏன் இஞ்ச சனம் கதையை நிப்பாட்டுது?"

நான் கையில் இருந்த ஆணி கழற்றும் சாவியைக் கீழே வைத்துவிட்டுச் சொன்னேன். எல்லாவற்றையும். அத்தான் ஆர், நான் ஆர், கதிரைக்கு அடியில் இருந்த கட்டை எப்போது வைத்தது என்பதை எல்லாம். விபத்து நடந்தது அவளுக்குத் தெரியும். வெறிகாரன் ஒருத்தன் குறுக்கே வந்தான் என்றுதான் தகப்பன் லண்டனில் சொல்லியிருக்கிறான். அவள் அழவில்லை. கொஞ்ச நேரம் அந்தக் கட்டையைத் தூக்கி வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு கேட்டாள்: "நீங்கள் படகைத் திருத்த வந்தனீங்களோ, கவிழ்க்க வந்தனீங்களோ?"

"இன்னும் முடிவெடுக்கேல்லை" என்றேன்.

அவளிடம் நான் ஏன் பொய் சொல்லவில்லை என்று எனக்கே தெரியாது. அவள் எழும்பிப் போய்விடுவாள், தகப்பனிடம் சொல்லுவாள், எனக்கு வேலை முடிந்தது என்று நினைத்தேன். அவள் போகவில்லை. அப்பா உண்மையாகவே ஒன்றையும் காணவில்லையா, அதை எப்படி அறிவது என்று கேட்டாள். நான் சொன்னேன், பாரத்தை எல்லாம் பழையபடி பின்னுக்கு வைத்து, கதிரைக்கட்டையையும் திரும்ப இறுக்கி, அதே வேகத்தில், முன்னால் ஒரு ஆளை விட்டு ஓட்டிப் பார்த்தால் தெரியும், சசிகரனை றபர் படகில் விடலாம் என்று.

அவள் சொன்னது இது. அவள் சொன்னபடியே எழுதுகிறேன்: "சசி அண்ணை போனா அப்பா நிப்பாட்டமாட்டார். நான் போறன்."

அக்கா, தன் தகப்பனைப் பற்றி ஒரு பிள்ளை இதைச் சொன்னால், அதற்குப் பிறகு அவனைக் கடலில் தாழ்ப்பதில் என்ன இருக்கிறது?

அவளோடு பேசி வைத்தேன். எங்களுக்கு முன்னால் நேர்கோட்டில் போகவேண்டும். அணியம் உயர்ந்து எங்களுடைய முகம் அவளுக்கு மறைந்ததும், வலப்பக்கம் ஒடித்து விலகிவிடவேண்டும். வசீகரனிடம், வேலையைத் தொடர முதல் பழைய நிலைமையில் ஒருதரம் ஓட்டிப் பார்க்கவேண்டும், நீங்களே ஓட்டுங்கள், மகள் முன்னால் போய்ப் படம் எடுப்பா என்றேன். அவனுக்குப் படம் பிடிப்பது சந்தோசம்.

விடிந்து வெயில் ஏறுகிற நேரம். கடல் பரவாயில்லை. அத்தான் வலை போட்ட பக்கமாகத்தான் போகச் சொன்னேன். சசிகரன் பின்னால் நின்றான். கம்சிகா செம்மஞ்சள் மிதவைச் சட்டை போட்டுக்கொண்டு முன்னால் போனாள், திரும்பிக் கை காட்டினாள். அவனும் காட்டினான். பிறகு வேகத்தைக் கூட்டினான். படகு பின்னால் குந்தியது. அணியம் எழும்பியது, எழும்பியது, கண்ணாடி முழுக்க வெள்ளை மூக்கும் வானமும்தான். கடலே இல்லை.

"கம்சி எங்க நிக்கிறா?" என்று கேட்டான்.

"உங்களுக்குத் தெரியேல்லையோ?" என்றேன்.

எழும்பி நின்று பார்த்தான். எட்டிப் பார்த்தான். வேகத்தைக் குறைக்கக் கையைக் கொண்டுபோனான். நான் அந்தப் பிடிக்குமேல் என் கையை வைத்து அழுத்திக்கொண்டேன்.

"ஏன் குறைக்கிறியள்? அண்டைக்கு வள்ளத்தைத் தூரத்தில கண்டனீங்கள்தானே. ஹோர்ன் அடிச்சனீங்கள்தானே. இப்பவும் காணுங்கோ."

"நீர் ஆர்? கையை எடும்! என்ர பிள்ளை முன்னுக்கு நிக்குது!"

"நான் பஸ்ரியாம்பிள்ளையின்ர மச்சான். அவரும் முன்னுக்குத்தான் நிண்டவர். கண்டனீங்களோ?"

அவன் என் கையைப் பிராண்டினான், சுக்கானைத் திருப்பப் பார்த்தான், பிள்ளை எந்தப் பக்கம் நிற்கிறாள் என்று தெரியாமல் திருப்பவும் பயந்தான். சசிகரன் பின்னால் அசையாமல் நின்றான். வசீகரன் கூப்பிட்டும் அவன் வரவில்லை.

"காணேல்லை!" என்று கத்தினான். "நான் ஒண்டையும் காணேல்லை! அடிச்ச சத்தம் கேட்டுத்தான் தெரியும்! விடும்!"

"வெறியெண்டு சொன்னது?"

"பொய்! நான் சொன்ன பொய்! என்ர பிள்ளையை விடும்!"

அக்கா, இப்போது ஒன்று சொல்லவேண்டும். அவள் விலகியிருப்பாள் என்று எனக்குத் தெரியும், ஆனால் அவள் விலகியதை நான் காணவில்லை. எனக்கும் அந்த வெள்ளை மூக்குத்தான் தெரிந்தது. றபர் படகின் எஞ்சின் நின்றுபோயிருந்தால்? அப்படியும் என் கை அந்தப் பிடியில்தான் இருந்தது. அவன் இரண்டாம் முறை பொய் என்று சொல்லும்வரை நான் எடுக்கவில்லை.

எடுத்தேன். படகு விழுந்தது போல நின்றது. அணியம் இறங்க, முன்னால் கடல் வெறுமையாய்க் கிடந்தது. அவன் பக்கத்துக் கம்பியைப் பிடித்துக்கொண்டு கத்தினான், மகளின் பெயரைக்கூட முழுதாகச் சொல்ல வாய் வரவில்லை. அவள் எங்களுக்குப் பின்னால் வலப்பக்கத்தில் மெல்ல வந்துகொண்டிருந்தாள். பக்கத்தில் வந்து ஏறி, மிதவைச் சட்டையைக்கூடக் கழற்றாமல் தகப்பனைக் கேட்டாள்:

"என்னைக் கண்டனீங்களோ அப்பா?"

"இல்லையம்மா."

"அப்ப அதைப் போய்ச் சொல்லுங்கோ."

அன்றைக்கே பொலிசுக்குப் போனான். சசிகரனும் போனான், தன் பங்குக்குச் சொல்ல. அதோடு நான் விடவில்லை. ஞாயிற்றுக்கிழமை அவனை நாரந்தனைக்கு, உங்கள் மாமி வீட்டுக்குக் கொண்டுபோனேன். அந்தோனியம்மா மாமி கதிரை போடவில்லை. உள்ளே வரவும் விடவில்லை. வேலிப் படலைக்கு வெளியே நிறுத்தி வைத்து, பூசை முடிந்து சனம் வரும்வரை அவனை வெயிலில் காக்க வைத்தா. சனம் வந்ததும், "என்ர பிள்ளையை வெறிகாரன் எண்டு சொன்ன வாயாலேயே உண்மையைச் சொல்லு" என்றா. அவன் சொன்னான். மாமிக்குக் காது கேட்கவில்லையாம், இன்னொருதரம் சொல்லச் சொன்னா. உங்களுக்குத் தெரியும், மாமியின் காதுக்கு ஒரு குறையும் இல்லை.

இதைக் கேட்டு உங்கள் மனம் கொஞ்சமாவது ஆறும் என்று நம்புகிறேன்.

அன்புடன்,
தம்பி றொமேஷ்


ஊர்காவற்றுறை,
25.08.2024

அன்புள்ள அக்காவுக்கு,

'ஏன் கையை எடுத்தனீ?' என்று கேட்டு அனுப்பியிருக்கிறீர்கள். அவ்வளவும் வாசித்துவிட்டு அது ஒன்றுதான் உங்களுக்குக் கேட்கத் தோன்றியிருக்கிறது. கோபமில்லை. நானும் அதைத்தான் கேட்டுக்கொண்டிருக்கிறேன். முன்னால் நின்றது அவன் பிள்ளை, அவன் இல்லை. அதுதான் என்னிடம் உள்ள பதில். அது போதாது என்று உங்களுக்குத் தோன்றினால், இரவில் எனக்கும் சிலநேரம் அப்படித்தான் தோன்றுகிறது.

மாமி நல்ல சுகம். நேற்று நண்டுக்கறி கொடுத்துவிட்டா. உங்களுடைய வீட்டுக் கூரையில் இரண்டு தகரச் சீற் மாற்றினேன். கிணற்றடி வேலியையும் அடைத்தாயிற்று.

வழக்கு எடுத்திருக்கிறார்கள். வசீகரன் கொழும்பிலிருந்து பெரிய சட்டத்தரணியைப் பிடித்திருக்கிறான். நான் மிரட்டித்தான் பொலிசில் சொல்ல வைத்தேன் என்று அவர் சொல்லப் போகிறாராம். சொல்லட்டும். சனத்துக்கு முன்னால் படலையில் நின்று சொன்னபோது அவன் பிடரியில் ஆர் கை வைத்திருந்தது? சசிகரன் பின்வாங்கமாட்டான். கம்சிகாவும் சாட்சிக்கு நிற்கிறாள், லண்டனுக்குத் திரும்பவில்லை. அவளும் தகப்பனும் ஒரே வீட்டில் இருக்கிறார்கள், சமையல் வேறுவேறாம்.

படகைப் பற்றியும் சொல்லவேண்டும். பொலிசாரும் படகு தெரிந்த அதிகாரி ஒருவரும் வந்து, பாரம் அப்படியே இருக்க ஓட்டிப் பார்த்தார்கள். கதிரைக்கட்டையை எடுத்துக்கொண்டு போனார்கள். அதற்குப் பிறகு படகை வீட்டுக்காரரிடம் விட்டபோது, கம்சிகா வந்து மிச்ச வேலையை முடித்துத் தாருங்கள் அண்ணா என்றாள். ஏலாது என்றேன். இன்னொருத்தர் கையில் இது இப்படியே ஓடினால் இன்னொரு வள்ளம் போகும் என்றாள்.

செய்தேன். இரும்புத் தட்டை வெட்டி எறிந்தேன். மேலதிகத் தண்ணீர்த்தாங்கியை இறக்கினேன். பற்றறிகளை நடுவுக்கு, அறைக்குக் கீழே கொண்டுபோனேன். றபர் படகை முன்தட்டில் படுக்கவைத்துக் கட்டினேன். இறுகிக் கிடந்த தகட்டைச் சுரண்டி அசைய வைத்து, இரண்டையும் கொஞ்சம் கொஞ்சமாய்த் தாழ்த்தி, ஒவ்வொரு தரமும் ஓட்டிப் பார்த்தேன். முதலில் அளவு பிழைத்தது, அணியம் கனத்து மூக்கைத் தண்ணீருக்குள் நட்டது. அந்த நிலைமையில் விட்டுவிட்டுப் போயிருக்கலாம். உங்கள் முதற் பதில் அப்போதும் என் சட்டைப்பையில்தான் இருந்தது. தகட்டை உயர்த்தினேன். கடைசியில் சரியாக அமைந்தது. இப்போது எழும்பி, மட்டமாகி, அமைதியாக ஓடுகிறது.

கடைசி ஓட்டத்தில் நான்தான் சுக்கானில் இருந்தேன். அதே பக்கமாகப் போனேன். முன்னால் கடல் முழுவதும் விரிந்து கிடந்தது. தூரத்தில் ஒரு வள்ளம், ஒரு ஆள் குனிந்து வலை இழுக்கிறார். மிதவைகள் ஒவ்வொன்றும் தெரிந்தன. அவர் கட்டியிருந்த சாரத்தின் நிறம் தெரிந்தது. நான் விலகிப் போக எவ்வளவோ இடம் இருந்தது. அவர் நிமிர்ந்து பார்த்து, கையை ஒருதரம் உயர்த்திவிட்டுத் திரும்பக் குனிந்தார்.

அக்கா, நான் எஞ்சினை நிறுத்திவிட்டுப் படகின் தட்டில் குந்திவிட்டேன். இவ்வளவுதானா! ஒரு தாங்கியை இறக்கி, நாலு பற்றறியை நகர்த்தி, ஒரு தகட்டைச் சுரண்டுவது. அவன் தைப்பொங்கலுக்குக் கதிரையை உயர்த்தினானே, அந்த நேரத்தில் இதைச் செய்திருக்கலாம். தன் கண்ணுக்கு ஒரு கட்டை வைத்துக்கொண்டான், முன்னால் இருக்கிறவனுக்கு ஒன்றும் செய்யவில்லை. வேலை கடினமாக இருந்திருந்தால் நான் அவனை மன்னித்திருப்பேனோ தெரியாது. இது இவ்வளவு சின்ன வேலை என்பதைத்தான் என்னால் தாங்க ஏலாமல் இருக்கிறது. படலையில் நின்று அவன் சொன்னதைக் கேட்டபோது அடங்கியது எல்லாம் அந்த இடத்தில் திரும்பக் கொதித்தது.

வழக்கு புரட்டாதியில் வருகிறது. நீதிபதி என்ன சொல்வார் என்று எனக்குத் தெரியாது. சில நேரம் மறியலில் அடைப்பார், சில நேரம் குற்றப்பணம் கட்டிவிட்டு வெள்ளைச் சட்டையோடு படியிறங்கி வருவான். இங்கே இருந்து அதைப் பார்க்கப் போகிறவன் நான் ஒருவன்தான். மாமிக்கு நடக்க ஏலாது.

அதனால் கேட்கிறேன். அங்கே பிள்ளைகளைப் பெரியவளிடம் விட்டுவிட்டு ஒரு கிழமைக்காவது வாருங்கள். ரிக்கற்றுக்கு நான் அனுப்புகிறேன். நீங்கள் ஒன்றும் பேசவேண்டாம், சாட்சியும் சொல்லவேண்டாம். அவன் அந்தப் படியால் இறங்கி வரும்போது என் பக்கத்தில் நின்று என் தோளைப் பிடித்துக்கொண்டால் போதும். என்னைத் தனியே அங்கே நிற்க விடாதீர்கள், அக்கா.

மாதா உங்களைப் பத்திரமாய்க் கொண்டுவந்து சேர்க்கட்டும்.

உங்கள் வரவைப் பார்த்திருக்கும்,
தம்பி றொமேஷ்